டெஸ்ட் மெயில் நிஜ வாடிக்கையாளருக்குப் போய்விட்டால்? இமெயில் டெஸ்டிங் சர்வர் அமைப்பது எப்படி?

2021 ஜூன் 17 அன்று அமெரிக்காவில் எச்பிஓ மேக்ஸ் ஓடிடி தளத்தின் சந்தாதாரர்கள் பலருக்கு ஒரு வினோதமான மெயில் வந்தது. தலைப்பு, 'இன்டக்ரேஷன் டெஸ்ட் இமெயில் #1'. உள்ளே படம் இல்லை, லோகோ இல்லை. இந்த டெம்ப்ளேட் சோதனைக்கு மட்டுமே பயன்படுவது என்ற பொருளில் ஒரே ஒரு வரி. சற்று நேரத்தில் சமூக வலைதளங்களில் மீம்கள் குவிந்தன. நிறுவனம் ட்விட்டரில் மன்னிப்புக் கேட்டது. 'ஆமாம், இதை அனுப்பியது எங்கள் இன்டர்ன்தான், அவருக்கு நாங்கள் துணையாக இருக்கிறோம்' என்ற பொருளில் விளக்கமும் கொடுத்தது. உலகம் முழுக்க இருந்து ஐடி ஊழியர்கள் தாங்கள் செய்த சொதப்பல்களைப் பட்டியல் போட்டு அந்த இன்டர்னுக்கு ஆறுதல் சொன்னார்கள்.

போனது வெற்று மெயில் என்பதால் சிரிப்போடு முடிந்தது. அதே இடத்தில் 'உங்கள் கணக்கில் இருந்து 48,000 ரூபாய் எடுக்கப்பட்டுள்ளது' என்ற சோதனை மெயில் போயிருந்தால்? 'உங்கள் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது' என்று ஒரு வேலைவாய்ப்புத் தளம் அனுப்பியிருந்தால்? வாட்ஸ்அப்பில் அனுப்பியதை அழிக்க ஒரு வழியாவது இருக்கிறது. மெயில் அப்படி இல்லை, எதிர்முனை சர்வர் வாங்கிக்கொண்டால் அதோடு சரி.

இன்னொரு விஷயம். இப்படி நடக்கும்போது பழி எப்போதும் கடைசியாக பட்டனைத் தட்டிய ஜூனியர் மேல்தான் விழும். சோதனைக்கான கோட், நிஜ வாடிக்கையாளரின் முகவரிக்கு மெயில் அனுப்பக்கூடிய நிலையில் எப்படி இருந்தது என்ற கேள்வி பெரும்பாலும் எழுவதில்லை. அந்தக் கேள்விக்கான பதில்தான் இமெயில் டெஸ்டிங் சர்வர்.

இமெயில் டெஸ்டிங் சர்வர் என்றால் என்ன?

ஊரில் ஒரு தபால் பெட்டி இருக்கிறது. யார் எந்த முகவரி எழுதிக் கடிதம் போட்டாலும் வாங்கிக்கொள்ளும். ஆனால் ஒரு கடிதத்தைக்கூட வெளியே அனுப்பாது. வேண்டுமானால் பெட்டியைத் திறந்து எல்லாக் கடிதங்களையும் படிக்கலாம். டெஸ்டிங் சர்வர் செய்வது இதைத்தான்.

கொஞ்சம் உள்ளே போய்ப் பார்ப்போம். மெயில் அனுப்ப இன்றும் பயன்படுவது எஸ்எம்டிபி என்ற நெறிமுறை. ஜான் போஸ்டல் 1982-ல் எழுதிய ஆர்எஃப்சி 821 ஆவணத்தில் வரையறுக்கப்பட்டது, 2008-ல் ஆர்எஃப்சி 5321 ஆகப் புதுப்பிக்கப்பட்டது. இதில் நடப்பது கிட்டத்தட்ட ஒரு உரையாடல். உங்கள் ஆப் 'அனுப்புநர் இவர்' என்று சொல்லும், சர்வர் 250 என்ற எண்ணைத் திருப்பித் தரும், அதாவது 'சரி'. 'பெறுநர் இவர்' என்றால் மறுபடியும் 250. 'இனி மெயிலைத் தருகிறேன்' என்றால் 354, 'கொடு' என்று அர்த்தம். கடைசியில் ஒரு வரியில் ஒற்றைப் புள்ளி வைத்தால் மெயில் முடிந்தது.

நிஜ சர்வர் இதற்குப் பிறகுதான் பெறுநரின் டொமைனைத் தேடி மெயிலைக் கொண்டுபோய்ச் சேர்க்கும். டெஸ்டிங் சர்வர் எல்லாவற்றுக்கும் 'சரி, சரி' என்று தலையாட்டிவிட்டு மெயிலைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும். உங்கள் ஆப்பைப் பொறுத்தவரை மெயில் போய்விட்டது. கோடில் ஒரு வரிகூட மாற்றத் தேவையில்லை, சர்வர் முகவரியையும் போர்ட் எண்ணையும் மாற்றினால் போதும்.

இதில் பலர் கவனிக்காத ஒரு நுணுக்கம் இருக்கிறது. எஸ்எம்டிபி உரையாடலில் சொல்லப்படும் பெறுநர் வேறு, மெயிலின் உள்ளே 'டூ' என்ற இடத்தில் தெரியும் பெயர் வேறு. முன்னது உறை மேல் எழுதும் முகவரி, பின்னது கடிதத்துக்குள் 'அன்புள்ள' என்று எழுதுவது. மெயில் எங்கே போகும் என்பதை உறைதான் தீர்மானிக்கிறது. 'பிசிசி' வேலை செய்வதே இப்படித்தான்: உறையில் பெயர் இருக்கும், கடிதத்தில் இருக்காது. நல்ல டெஸ்டிங் சர்வர் உறையில் இருப்பதையும் காட்டும். 'இன்வாய்ஸ் மெயில் வாடிக்கையாளருக்கு மட்டும்தான் போகுது' என்று நினைத்துக்கொண்டிருக்கும்போது, மூன்று வருடத்துக்கு முன் வேலையை விட்டுப் போனவரின் முகவரி 'பிசிசி'-யில் ஒட்டிக்கொண்டிருப்பது இப்படித்தான் தெரியவரும்.

என் ஜிமெயிலுக்கே அனுப்பிப் பார்த்தால் போதாதா?

ஒரு ஆள், ஒரு மெயில் என்றால் போதும். ஆனால் புராஜெக்ட் கொஞ்சம் வளர்ந்ததும் சிக்கல் ஆரம்பிக்கும். சாதாரண ஜிமெயில் கணக்கில் இருந்து ஒரு நாளைக்கு 500 பேருக்குத்தான் அனுப்பலாம். ஒரு டெஸ்ட் லூப் தவறாக ஓடினால் அரை நிமிடத்தில் அந்த வரம்பு காலி, உங்கள் சொந்தக் கணக்கும் கொஞ்ச நேரத்துக்கு முடங்கும். கடவுச்சொல்லையோ ஆப் பாஸ்வேர்டையோ கான்ஃபிக் ஃபைலில் போட்டு வைப்பீர்கள், அது ஒரு நாள் கிட் ரெபாசிட்டரிக்குள் போய்விடும். தானியங்கி டெஸ்ட்டுகளுக்கு ஜிமெயில் பெட்டியைத் திறந்து ஓடிபி-யைப் படிப்பது பெரிய தலைவலி.

இதையெல்லாம் தாண்டி நிறுவனத்தின் டொமைன் மதிப்பு என்று ஒன்று இருக்கிறது. நிஜ மெயில் சேவை வழியாக இல்லாத முகவரிகளுக்குச் சோதனை மெயில்களைத் தட்டிவிட்டால் அவை திரும்பி வரும். அமேசானின் எஸ்இஎஸ் சேவையில் இப்படித் திரும்பும் மெயில்கள் 5 சதவீதத்தைத் தொட்டால் கணக்கு ஆய்வுக்கு வரும், 10 சதவீதத்தைத் தாண்டினால் அனுப்பும் வசதியையே நிறுத்திவைக்கக்கூடும். 'இது ஸ்பேம்' என்ற புகாருக்கு வரம்பு இன்னும் கடுமை: 0.1 சதவீதத்தில் ஆய்வு. ஸ்டேஜிங்கில் யாரோ விளையாடியதால் புரொடக்‌ஷனில் நிஜ வாடிக்கையாளருக்கு ஓடிபி போகாமல் நிற்பது, கேட்க சினிமாத்தனமாக இருந்தாலும் நடக்கக்கூடியதுதான்.

எந்தக் கருவியைத் தேர்ந்தெடுப்பது?

ரூபி மொழியில் எழுதப்பட்ட மெயில்கேட்சர் இந்த வகையில் பழைய, பிரபலமான கருவி. அதைப் பார்த்து கோ மொழியில் வந்தது மெயில்ஹாக். ஒரே ஃபைல், போட்டால் ஓடும் என்பதால் பல வருடங்கள் எல்லா புராஜெக்டிலும் அதுதான். ஆனால் மெயில்ஹாக்கின் கடைசி வெளியீடு 2020-ல் வந்தது, அதன் பிறகு பராமரிப்பு நின்றுபோனது. இன்றும் பழைய டுடோரியல்களைப் பார்த்து அதை நிறுவுகிறவர்கள் நிறைய பேர். புதிதாகத் தொடங்குகிறவர்கள் அந்த வழியில் போக வேண்டாம்.

அந்த இடத்தை இப்போது பிடித்திருப்பது மெயில்பிட். 2022-ல் வந்தது, இதுவும் கோ மொழி, இதுவும் ஒரே ஃபைல், ஓப்பன் சோர்ஸ். மெயில் வாங்கும் போர்ட் 1025, பிரவுசரில் பார்க்கும் போர்ட் 8025 என மெயில்ஹாக்கின் அதே எண்களையே வைத்துக்கொண்டதால் மாறுவது சுலபம். பிஎச்பி உலகில் லாராவெல் தன் செயில் தொகுப்பில் மெயில்ஹாக்கை எடுத்துவிட்டு மெயில்பிட்டைச் சேர்த்திருக்கிறது. டாட்நெட் ஆட்களுக்கு எஸ்எம்டிபி4டெவ், ஜாவா யூனிட் டெஸ்ட்டுக்குள்ளேயே ஓட வேண்டும் என்றால் கிரீன்மெயில் இருக்கின்றன. சொந்தமாக எதையும் நிறுவ விரும்பாதவர்களுக்கு மெயில்டிராப் போன்ற கட்டணச் சேவைகள் உண்டு. ஆனால் அங்கே உங்கள் சோதனை மெயில்கள் வேறொருவரின் சர்வரில் உட்காரும் என்பதை நினைவில் வையுங்கள்.

சில ஃப்ரேம்வொர்க்குகளில் இதன் சின்ன வடிவம் ஏற்கனவே இருக்கிறது. ஜாங்கோவில் டெஸ்ட்டுகளை ஓட்டினால், மெயில்கள் தானாகவே நினைவகத்தில் இருக்கும் போலி அவுட்பாக்ஸுக்குப் போய்விடும். யூனிட் டெஸ்ட்டுக்கு அது தாராளம். க்யூஏ குழு, டிசைனர், புராடக்ட் மேனேஜர் எல்லோரும் மெயிலைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்றால்தான் தனி சர்வர் தேவைப்படுகிறது.

நிறுவுவது எப்படி?

டாக்கர் தெரிந்தவர்களுக்கு இது 5 நிமிட வேலை. மெயில்பிட்டின் அதிகாரப்பூர்வ இமேஜை உங்கள் டாக்கர் கம்போஸ் ஃபைலில் ஒரு சர்வீஸாகச் சேர்த்து, அதற்கு 'மெயில்பிட்' என்றே பெயர் வையுங்கள். 1025, 8025 இரண்டு போர்ட்டுகளையும் திறந்துவிடுங்கள். பிறகு உங்கள் ஆப்பின் கான்ஃபிக்கில் மெயில் போர்ட் 1025, என்கிரிப்ஷன் இல்லை, பயனர் பெயரும் கடவுச்சொல்லும் காலி. பிரவுசரில் லோக்கல்ஹோஸ்ட் 8025-ஐத் திறந்தால் காலியான இன்பாக்ஸ் தெரியும். ஆப்பில் இருந்து ஒரு 'பாஸ்வேர்டு மறந்துவிட்டது' மெயிலைத் தட்டுங்கள். பக்கத்தை ரிஃப்ரெஷ் செய்யாமலே வந்து விழும்.

விழவில்லையா? பத்துக்கு எட்டு முறை காரணம் ஒன்றுதான். ஆப்பும் டாக்கருக்குள் ஓடுகிறது, மெயில் சர்வர் முகவரியாக லோக்கல்ஹோஸ்ட் என்று போட்டிருப்பீர்கள். கன்டெய்னருக்குள் லோக்கல்ஹோஸ்ட் என்றால் அந்தக் கன்டெய்னர் மட்டும்தான், பக்கத்து வீடு இல்லை. அந்த இடத்தில் சர்வீஸின் பெயரான 'மெயில்பிட்' என்பதைப் போட வேண்டும்.

அடுத்து வரும் வில்லன் பின்னணியில் ஓடும் க்யூ வொர்க்கர். கான்ஃபிக்கை மாற்றிவிட்டீர்கள், ஆப்பையும் ரீஸ்டார்ட் செய்துவிட்டீர்கள். ஆனால் மெயில் அனுப்புவது ஆப் இல்லை, நேற்று காலையில் இருந்து ஓடிக்கொண்டிருக்கும் வொர்க்கர். அது ஆரம்பிக்கும்போது படித்த பழைய கான்ஃபிக்கைத்தான் வைத்திருக்கும். பழைய கான்ஃபிக்கில் இருப்பது நிஜ மெயில் சேவை என்றால், நீங்கள் 'எல்லாம் மாத்தியாச்சு' என்று நம்பிக்கொண்டு சோதிக்கும் அந்த நேரத்தில்தான் மெயில்கள் வெளியே போகும். வொர்க்கரையும் ரீஸ்டார்ட் செய்யுங்கள், கான்ஃபிக் கேஷையும் அழியுங்கள்.

மூன்றாவது சிக்கல் இன்னும் நுட்பமானது. எஸ்இஎஸ், சென்ட்கிரிட், ஜோஹோவின் செப்டோமெயில் போன்ற சேவைகளைப் பல நிறுவனங்கள் எஸ்எம்டிபி வழியாகப் பயன்படுத்துவதில்லை, நேரடியாக ஏபிஐ வழியாக அழைக்கின்றன. அந்த அழைப்பு 443 போர்ட்டில் சாதாரண வெப் டிராஃபிக்காகப் போகும். எஸ்எம்டிபி அமைப்புகளை என்ன மாற்றினாலும் அதைத் தொடவே தொடாது. உங்கள் கோடில் மெயில் அனுப்பும் டிரைவரையே சூழலுக்கு ஏற்ப மாற்றும்படி எழுதியிருக்க வேண்டும்: புரொடக்‌ஷனில் ஏபிஐ, மற்ற எல்லா இடத்திலும் எஸ்எம்டிபி. அப்படி எழுதவில்லை என்றால் டெஸ்டிங் சர்வர் நிறுவுவதற்கு முன் செய்ய வேண்டிய முதல் வேலை அதுதான்.

குழு முழுவதும் பயன்படுத்த ஸ்டேஜிங்கில் வைக்கலாமா?

வைக்கலாம். ஆனால் லேப்டாப்பில் ஓடும்வரை பொம்மையாக இருந்த இந்தக் கருவி, பொது ஐபி உள்ள சர்வரில் ஏறிய நொடியில் இருந்து ஆபத்தான பொருள்.

யோசித்துப் பாருங்கள். ஒரு ஆப் அனுப்பும் மெயில்களில் என்னென்ன இருக்கும்? பாஸ்வேர்டு ரீசெட் லிங்க், ஓடிபி, இன்வாய்ஸ், சம்பளச் சீட்டு, அட்மின் அழைப்பு. இவை எல்லாம் ஒரே பக்கத்தில், எந்தப் பூட்டும் இல்லாமல் தெரிகின்றன. மெயில்பிட்டும் மெயில்ஹாக்கும் இயல்பாகக் கடவுச்சொல் கேட்பதில்லை, லோக்கலில் ஓட்டுவதற்காகச் செய்யப்பட்டவை என்பதால். 8025 போர்ட் இணையத்தில் திறந்திருந்தால், யாராவது ஒருவர் உங்கள் ஸ்டேஜிங் தளத்தில் அட்மின் முகவரிக்கு ரீசெட் கேட்டு, இங்கே வந்து லிங்கை எடுத்துக்கொண்டு, உள்ளே போய்விடலாம். ஹேக்கிங் என்றுகூட அதைச் சொல்ல முடியாது, திறந்த வீட்டுக்குள் நடந்து போவது.

'எங்க சர்வர்ல ஃபயர்வால் இருக்கே' என்று சொல்வீர்கள். உபுண்டுவில் யூஎஃப்டபிள்யூ ஃபயர்வாலைப் போட்டு 8025-ஐ மூடியிருந்தாலும், டாக்கர் அந்தப் போர்ட்டை வெளியிட்டால் அது திறந்துதான் இருக்கும். டாக்கர் தன் நெட்வொர்க் விதிகளை நேரடியாகக் கர்னலில் எழுதுவதால் யூஎஃப்டபிள்யூ-வின் விதிகள் அந்த வழியில் வருவதே இல்லை. இது டாக்கரின் ஆவணங்களிலேயே சொல்லப்பட்டுள்ள விஷயம், ஆனாலும் வருடா வருடம் புதிதாக ஆட்கள் மாட்டுகிறார்கள். தீர்வு எளிது. கம்போஸ் ஃபைலில் போர்ட் எண்ணுக்கு முன்னால் 127.0.0.1 என்று சேர்த்துவிடுங்கள். அந்த மெஷினுக்குள் இருந்து மட்டும்தான் அணுக முடியும். வெளியில் இருந்து பார்க்க, எச்டிடிபிஎஸ் போட்ட என்ஜின்எக்ஸ் போன்ற ரிவர்ஸ் ப்ராக்ஸியை முன்னால் வையுங்கள். இன்பாக்ஸ் உடனுக்குடன் புதுப்பிக்கப்படுவது வெப்சாக்கெட் வழியாக நடக்கிறது, எனவே ப்ராக்ஸியில் வெப்சாக்கெட்டை அனுமதிக்க மறக்க வேண்டாம். மெயில்பிட்டிலேயே பயனர் பெயர், கடவுச்சொல் வைக்கும் வசதியும் உண்டு. நிறுவனத்தில் விபிஎன் இருந்தால் அதற்குள் வைப்பதே உத்தமம்.

1025 போர்ட்டையும் இதேபோல் கட்டுப்படுத்த வேண்டும். இல்லையென்றால் யார் வேண்டுமானாலும் உங்கள் பெட்டியைக் குப்பையால் நிரப்பலாம். மெயில்பிட் இயல்பாக 500 மெயில்களைத்தான் வைத்திருக்கும், அதற்கு மேல் போனால் பழையவை அழிந்துவிடும். பெரிய குழுவுக்கு 500 போதாது, எண்ணிக்கையைக் கூட்டிக்கொள்ளலாம். டேட்டாபேஸ் ஃபைலுக்கு நிரந்தர இடம் காட்டாவிட்டால், கன்டெய்னர் ரீஸ்டார்ட் ஆனதும் எல்லாம் காலி. சில குழுக்கள் வேண்டுமென்றே அப்படியே விடுகின்றன. தப்பில்லை, சோதனை மெயில்கள் சேர்ந்துகொண்டே போவதில் யாருக்கும் லாபம் இல்லை.

வாடிக்கையாளர் தகவல் ஸ்டேஜிங்கில் இருந்தால்?

உண்மையான அபாயம் இங்கேதான் இருக்கிறது. புரொடக்‌ஷன் டேட்டாபேஸை அப்படியே நகல் எடுத்து ஸ்டேஜிங்கில் போடுவது பல நிறுவனங்களில் சகஜம். 'நிஜ டேட்டா இருந்தாத்தான் பக் தெரியும்' என்பது வழக்கமான வாதம். அந்த நகலில் இருக்கும் ஒவ்வொரு மெயில் முகவரியும் ஒரு நிஜ மனிதருடையது. டெஸ்டிங் சர்வர் ஒன்றே பாதுகாப்பு என்று இருந்தால், ஒரே ஒரு தவறான கான்ஃபிக் போதும்.

நகல் எடுக்கும் ஸ்கிரிப்டிலேயே முகவரிகளை மாற்றிவிடுவதுதான் சரியான வழி. பயனர் எண்ணை எடுத்து, பின்னால் எக்ஸாம்பிள் டாட் காம் சேர்த்தால் ஆயிற்று. ஏன் அந்த டொமைன்? 1999-ல் வெளியான ஆர்எஃப்சி 2606, எக்ஸாம்பிள் டாட் காம், டாட் நெட், டாட் ஆர்க் ஆகியவற்றையும், 'டாட் டெஸ்ட்', 'டாட் இன்வாலிட்' போன்ற முடிவுகளையும் இதற்காகவே ஒதுக்கிவைத்திருக்கிறது. அவசரத்தில் நாம் தட்டும் டெஸ்ட் டாட் காம், ஏபிசி டாட் காம் எல்லாம் யாரோ ஒருவருக்குச் சொந்தமான நிஜ டொமைன்கள். 'டெஸ்ட்' என்ற பெயரில் ஜிமெயில் முகவரி ஒன்றைக் கற்பனையாக அடித்தால், அதற்குப் பின்னாலும் ஒரு மனிதர் இருக்கக்கூடும்.

சட்டத்தின் பக்கமும் இருக்கிறது. 2023-ல் இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, தனிநபர் தகவலைப் பாதுகாக்கப் போதிய நடவடிக்கை எடுக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். இதற்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன, முக்கியக் கடமைகள் அமலுக்கு வர 18 மாத அவகாசம் தரப்பட்டது. இது போக, தகவல் கசிவு போன்ற சைபர் சம்பவங்களை 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்று செர்ட்-இன் 2022-லேயே உத்தரவிட்டிருக்கிறது. சட்டம் 'இது ஸ்டேஜிங்தானே' என்று விட்டுவிடாது. அங்கே இருப்பதும் அதே மனிதரின் அதே தகவல்.

இன்னும் இரண்டு பூட்டுகள் போடலாம். ஸ்டேஜிங் சர்வரில் நிஜ மெயில் சேவையின் சாவிகளை வைக்கவே கூடாது, ஒரு காமென்ட்டுக்குள்கூட. ஸ்டேஜிங்கில் இருந்து வெளியே போகும் 25, 465, 587 போர்ட்டுகளை நெட்வொர்க் அளவில் மூடிவிடுங்கள். அமேசான், கூகுள் கிளவுட் இரண்டிலும் வெளியே போகும் 25 போர்ட் இயல்பாகவே தடுக்கப்பட்டிருக்கும், மற்ற இரண்டும் அப்படி இல்லை.

தானியங்கி டெஸ்ட்டில் எப்படிப் பயன்படுத்துவது?

கண்ணால் பார்ப்பதைவிட இதுதான் பெரிய லாபம். மெயில்பிட்டில் ஒரு ஏபிஐ இருக்கிறது. பிளேரைட், செலினியம் போன்றவற்றில் எழுதும் டெஸ்ட், ஒரு பயனரைப் பதிவு செய்து, ஏபிஐ வழியாக மெயிலைத் தேடி எடுத்து, அதில் இருக்கும் 6 இலக்க ஓடிபி-யைப் பிரித்து, திரும்ப ஃபார்மில் போட்டு உள்ளே போகலாம். பதிவு முதல் லாகின் வரை மனிதக் கை படாமல் சோதித்துவிடலாம்.

எழுதுகிறவர்கள் வழக்கமாக விழும் குழி: மெயில் வர நேரமாகும் என்று '5 விநாடி காத்திரு' எனப் போடுவது. வேகமான மெஷினில் அது நேர விரயம், சுமை அதிகமான சிஐ சர்வரில் 5 விநாடி போதாமல் டெஸ்ட் தோற்கும். கால் விநாடிக்கு ஒருமுறை கேட்டுப் பார், அதிகபட்சம் 20 விநாடி, வந்ததும் நகர் என்று எழுதினால் இரண்டு பிரச்சினையும் இல்லை. பல டெஸ்ட்டுகள் ஒரே நேரத்தில் ஓடும்போது ஒன்றின் ஓடிபி-யை இன்னொன்று எடுத்துவிடும். ஒவ்வொரு டெஸ்ட்டுக்கும் தனி முகவரியை உருவாக்கி, அந்த முகவரிக்கு வந்ததை மட்டும் தேட வேண்டும். 'கடைசியாக வந்த மெயிலை எடு' என்று எழுதியிருந்தால் அது என்றைக்காவது ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் காலை வாரும்.

எல்லாம் நன்றாக நடப்பதை மட்டும் சோதித்தால் போதாது. மெயில்பிட்டில் 'கேயாஸ்' என்ற வசதி உண்டு. குறிப்பிட்ட விகிதத்தில் மெயிலை ஏற்க மறுத்து பிழை எண்ணைத் திருப்பித் தரச் சொல்லலாம். 451 போன்ற, 4-ல் தொடங்கும் எண் வந்தால் 'இப்போது முடியாது, பிறகு வா' என்று அர்த்தம். 5-ல் தொடங்கினால் 'வரவே வராதே'. உங்கள் கோட் இரண்டையும் வேறுபடுத்துகிறதா? முதல் வகைக்கு மறுமுயற்சி செய்ய வேண்டும், இரண்டாவதுக்குச் செய்யக் கூடாது. பல ஆப்கள் இதைத் தலைகீழாகச் செய்வது இந்தச் சோதனையில்தான் பிடிபடும்.

தமிழில் மெயில் அனுப்புகிறவர்கள் கவனிக்க வேண்டியது என்ன?

இந்திய மொழிகளில் அறிவிப்பு அனுப்பும் ஆப்கள் கூடிவருகின்றன. ஆங்கிலத்தில் மட்டும் சோதித்துவிட்டு 'எல்லாம் ஓகே' என்று வெளியிடுவதும் கூடவே நடக்கிறது. தமிழ்த் தலைப்பு உடைவதற்கு ஒரு சுவாரஸ்யமான காரணம் இருக்கிறது.

மெயில் தலைப்பு வரியில் வழக்கமாக ஆங்கில எழுத்துகளும் எண்களும்தான் நேரடியாகப் போகும். மற்ற மொழிகளைக் குறியீடாக்கி அனுப்ப வேண்டும், ஒவ்வொரு குறியீட்டுத் துண்டும் 75 எழுத்தைத் தாண்டக் கூடாது. அதில் முன்னொட்டு, பின்னொட்டு போக மிச்சத்தில் பேஸ்64 முறையில் 45 பைட் அடங்கும். யூடிஎஃப்-8-ல் தமிழின் ஒவ்வொரு குறியீடும் 3 பைட். ஆக, ஒரு துண்டில் 15 தமிழ்க் குறியீடுகள்தான் போகும், அதிலும் ஒற்று, கொம்பு, கால் எல்லாம் தனித்தனிக் கணக்கு. 'உங்கள் கட்டணம் பெறப்பட்டது' என்ற சாதாரணத் தலைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு சொற்கள், இரண்டு இடைவெளி, 'ப' எல்லாம் சேர்ந்து 44 பைட். 'பெ'-யின் கொம்புக்கு 3 பைட் வேண்டும், மிச்சம் இருப்பதோ 1. ஒழுங்கான லைப்ரரி அந்தக் கொம்பை முழுசாக அடுத்த துண்டுக்குத் தள்ளிவிடும், விதியும் அப்படித்தான் சொல்கிறது. அவசரத்தில் எழுதிய கோட் 45-வது பைட்டில் கண்ணை மூடிக்கொண்டு வெட்டும். சில மெயில் ஆப்கள் துண்டுகளை ஒட்டிச் சமாளித்துவிடும். மற்றவற்றில் 'பெ' இருந்த இடத்தில் கேள்விக்குறி போட்ட கருப்பு வைரம் தெரியும். ஜிமெயிலில் நன்றாகத் தெரிந்தது, வாடிக்கையாளரின் ஃபோனில் உடைந்தது என்ற புகாரின் பின்னணி பெரும்பாலும் இதுதான். டெஸ்டிங் சர்வரில் மெயிலின் மூல வடிவத்தைத் திறந்து பார்த்தால் எங்கே வெட்டியது என்று நேரடியாகத் தெரியும். நீளமான தமிழ்த் தலைப்புகள் ஐந்தாறை உங்கள் டெஸ்ட்டுகளில் நிரந்தரமாக வைத்துவிடுங்கள்.

மெயில்பிட்டின் எச்டிஎம்எல் பரிசோதனையும் பயனுள்ளது. நீங்கள் எழுதிய ஸ்டைல் எந்தெந்த மெயில் ஆப்களில் வேலை செய்யாது என்று பட்டியல் தரும். விண்டோஸின் பழைய அவுட்லுக், 2007 முதல் மெயிலைக் காட்ட வேர்டின் இன்ஜினையே பயன்படுத்துகிறது என்பது தெரிந்தால், டிசைனர் அனுப்பிய அழகான லேஅவுட் ஏன் சிதறுகிறது என்பதும் புரியும். ஜிமெயில் சுமார் 102 கேபிக்கு மேல் போகும் மெயிலின் அடிப்பகுதியைக் கத்தரித்துவிடும். ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட் எடுக்கும் தமிழ் மெயில் அந்த வரம்பைச் சீக்கிரம் தொடும்.

இதில் தெரியாத விஷயங்கள் எவை?

மெயில் நிஜமாகவே இன்பாக்ஸில் விழுமா, ஸ்பேமுக்குப் போகுமா என்பதை டெஸ்டிங் சர்வர் சொல்லாது. அது அதன் வேலையும் இல்லை. ஒரு நாளைக்கு 5,000-க்கு மேல் ஜிமெயில் முகவரிகளுக்கு அனுப்புகிறவர்கள் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் மூன்றையும் வைத்திருக்க வேண்டும் என்று 2024 பிப்ரவரியில் இருந்து கூகுள் கட்டாயமாக்கியிருக்கிறது, ஸ்பேம் புகாரும் 0.3 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். இவற்றை நிஜ டொமைனில், நிஜ மெயில் அனுப்பித்தான் பார்க்க முடியும். திரும்பி வரும் மெயிலை உங்கள் ஆப் எப்படிக் கையாளுகிறது என்று பார்க்க, எஸ்இஎஸ் பயன்படுத்துகிறவர்களுக்கு அமேசானே தனி முகவரிகளை வைத்திருக்கிறது. ஒன்றுக்கு அனுப்பினால் மெயில் திரும்பும், இன்னொன்றுக்கு அனுப்பினால் ஸ்பேம் புகார் வரும். இரண்டுமே உங்கள் விகிதத்தில் கணக்கு சேராது.

வெளியீட்டுக்கு முன் சில மெயில்களை நிஜ ஃபோனில் பார்த்தே ஆக வேண்டும் என்று புராடக்ட் மேனேஜர் கேட்பார், கேட்பது நியாயம்தான். மெயில்பிட்டில் பிடித்துவைத்த மெயிலை நிஜ சர்வர் வழியாக வெளியே விடும் வசதி இருக்கிறது. யாருக்கெல்லாம் விடலாம் என்று ரெகுலர் எக்ஸ்பிரஷன் கொண்டு வரம்பும் வைக்கலாம். நிறுவனத்தின் சொந்த டொமைனை மட்டும் அனுமதியுங்கள். அந்த எக்ஸ்பிரஷனின் கடைசியில் 'இத்துடன் முடிகிறது' என்பதற்கான டாலர் குறியைப் போட்டிருக்கிறீர்களா என்று இன்னொருவரைவிட்டும் ஒருமுறை சரிபார்க்கச் சொல்லுங்கள். அது இல்லையென்றால் உங்கள் டொமைன் பெயருக்குப் பின்னால் வேறு எதையாவது ஒட்டிய முகவரியும் உள்ளே நுழைந்துவிடும்.